சாவாமல், பிழைத்திருந்து: அம்மாவோடு கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், சபையாருக்கும், அம்மாவைப் பார்க்க வந்துபோன எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

அம்மா போன முப்பதாம் நாள் ஆராதனையில் நன்றி சொல்ல எழுந்து நின்றேன். முதல் வார்த்தையிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பி மைக்கை வாங்கி, "எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி" என்று முடித்துவிட்டான். ஒரே வரியில் முடிகிற கடன் அல்ல இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அந்த அட்டையைப் பற்றித் தெரியும். சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டீர்கள். கேட்காதவர்கள் மனதிலும் அது இருந்திருக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு அம்மா நடந்துதான் வந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆலய மணி அடித்து, எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து முடித்த பிறகு, வழக்கம்போல வாக்குத்தத்த அட்டைகள், புது வருடத்துக்கு ஆளுக்கு ஒரு வேத வசனம் என்று, தட்டில் வந்தன. அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் நீட்டினாள். நான்தான் வாசித்தேன்: "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." சங்கீதம் 118:17. நல்ல வசனம் கிடைத்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். பிப்ரவரியில் கணையத்தில் புற்று என்றார்கள். ஈரலுக்கும் பரவியிருந்தது. ஆகஸ்டில் அம்மா போய்விட்டாள்.

அந்த அட்டை எட்டு மாதமும் எனக்கு முள்ளாக இருந்தது. அம்மாவின் பைபிளைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். சித்திரை மாதம் ஜெபிக்க வந்த ஒருவர், அவர் யாரென்பது இங்கே வேண்டாம், அந்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாக்குத்தத்தம் இதோ இருக்கு. இதை அறிக்கை பண்ணுங்க. மாத்திரையை நிறுத்துங்க. விசுவாசம் இருந்தா சாவு கிடையாது" என்றார். போகும்போது அம்மாவிடம், "நீங்க ரட்சிக்கப்பட்ட தேதி ஞாபகம் இருக்கா?" என்று வேறு கேட்டார். அம்மாவுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம். பதினாறு வயதில் திடப்படுத்தல். மாதாமாதம் திருவிருந்து. தேதி என்று ஒன்றும் அவளிடம் இல்லை. அன்று இரவு அவள் தூங்கவில்லை. வலியினால் அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

சேகரத்துக் குருவானவர் ஐயாவுக்கு என் முதல் நன்றி அதற்காகத்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டீர்கள். யார் உங்களுக்குச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் பிரசங்கம் பண்ணவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனைப் பற்றி அம்மாவிடம் கேட்டீர்கள். "அவனுக்கு ஞானஸ்நானம் உண்டா?" இல்லை. "திருவிருந்து?" இல்லை. "காணிக்கை?" இல்லை. "அப்ப எதை வச்சு ஆண்டவர், 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்'னு சொன்னாரு?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் கைப்பிடி அரிசிகூட எடுத்து வைக்கலையே ஐயா" என்றாள். பிறகு நீங்கள் எபேசியர் நிருபத்திலிருந்து அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்தீர்கள்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு."

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். அது ஆண்டவருக்கு. இங்கிருந்து அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா ஐயா, 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். பின்னால் தெலுங்கு நாட்டு தோர்ணக்கலில் பேராயரானார். அவர் காலத்தில் அங்கேயும் பெண்கள் இதே போல அரிசி எடுத்து வைத்தார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் பானைக்கு அரிசி தவறியதில்லை. எங்கள் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிக்கே இழுபறியாக இருந்த வருடங்களும் அதில் உண்டு.

ஐயா போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்த அரிசி நன்றிக்கு வச்சது. கூலிக்கு வச்சதில்ல" என்றாள். அன்று தூங்கினாள்.

வலி தணிப்பு சிகிச்சைக் குழுவிலிருந்து வந்த நர்ஸ் சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வேன்? மார்ஃபின் என்றதும் எங்கள் வீட்டில் பாதிப்பேர் பயந்தார்கள். மயக்கத்திலேயே போய்விடுவாள், அடிமையாகிவிடுவாள் என்றார்கள். நீங்கள் திண்ணையில் எல்லோரையும் உட்காரவைத்து, அளவோடு, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வருமுன்னே கொடுக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். கடைசி நாட்களில் தண்ணீர் இறங்காதபோது, ஈரப் பஞ்சால் உதட்டை எப்படி ஒற்ற வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தீர்கள். வலி அடங்கியதால்தான் அம்மா பேசினாள். அவள் பேசியதால்தான் இந்த மடலில் எழுத எனக்கு ஏதோ இருக்கிறது. மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது உங்கள் வீட்டு நோயாளியிடம் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த மாத்திரையும் எங்களுக்கு ஆண்டவர் கொடுத்ததுதான்.

வடக்குத் தெரு பனையேறி அண்ணன். ஜூன் மாதம், ஒன்றும் சாப்பிடப் பிடிக்காமல் கிடந்தவள் பதநீர் வேண்டும் என்றாள் என்று உங்கள் காதில் விழுந்திருக்கிறது. விடிவதற்குள் மரமேறி இறக்கி, கலயத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். டம்ளர் எடுக்கப் போன என்னைத் தடுத்து, குருத்தோலையில் பட்டை பிடித்து அதில் ஊற்றிக் கொடுத்தீர்கள். அம்மா குடித்தது மூன்று மிடறு. ஓலை வாசனைக்காகவே அதற்கப்புறமும் பட்டையை முகத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். அந்தப் பட்டை காய்ந்துபோய் இன்னும் ஜன்னலில் இருக்கிறது. நான் எடுத்துப் போடவில்லை.

ஆட்டோக்கார பாய்க்கு. திருநெல்வேலிக்கு எத்தனை நடை என்று நான் எண்ணவில்லை. பள்ளம் வரும் இடமெல்லாம் மனப்பாடமாகி, அங்கங்கே தானாக மெதுவாகப் போவீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டு தொழுகை நேரத்தில் துண்டை விரித்துத் தொழுதீர்கள். அம்மா உங்களிடம், "எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த அட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. பெற்ற தாயிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். "சாவாமல்னு போட்டிருக்கே, அது பொய்யாம்மா?" அம்மா கோபப்படவில்லை. "செத்துப்போன லாசருவை ஆண்டவர் எழுப்புனாரு. அவனும் அதுக்கப்புறம் என்னைக்கோ ஒருநாள் செத்துத்தான போயிருப்பான்? சாகக் கிடந்த எசேக்கியா ராசாவுக்குப் பதினஞ்சு வருசம் கூட்டிக் குடுத்தாரு. பதினாறாவது வருசம்?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ முதல் வார்த்தையையே பார்த்துக்கிட்டு இருக்க. கடைசி வார்த்தையைப் பாரு" என்றாள்.

கடைசி வார்த்தை "விவரிப்பேன்." அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடம் நோயைப் பற்றிப் பேசியதே குறைவு. 1992 வெள்ளத்தில் வீடு இடிந்தது, அப்பா போன பிறகு ரேஷன் கடைக்காரர் ஒருவர் கடனுக்குச் சீனி தந்தது, தம்பிக்குக் காய்ச்சல் கண்ட இரவில் வழிதெரியாத ஒருவர் சைக்கிளில் ஏற்றிப் போனது, எல்லாவற்றையும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்களில் பலர் முப்பதாம் நாளில் என்னிடம் வந்து, "அம்மா எங்கிட்ட இதைச் சொன்னாங்க" என்றீர்கள். ஆளுக்கு ஒரு கதை. எனக்கே தெரியாத கதைகள். அந்த எட்டு மாதமும் வசனம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"சாவாமல்" என்ற வார்த்தை? அது இனிமேல்தான் என்று நம்புகிறேன். எபிரெயர் 11-ல் ஆபிரகாமையும் சாராளையும் சொல்லிவிட்டு, அவர்கள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை "அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு" மரித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அணைத்துக்கொண்டு என்ற வார்த்தையை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கையில் கிடைக்காததை எப்படி அணைப்பது என்று யோசித்ததே இல்லை. அம்மா அந்த அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்த பிறகு யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

அடக்க நாளில் செய்தவர்கள் ஏராளம். அதிகாலையில் துக்க மணி அடித்த உபதேசியார். இரவோடிரவாகப் பெட்டி செய்து, உள்ளே வெள்ளைத் துணி தைத்து வந்த ஆசாரி அண்ணாச்சி. பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன் என்று ஓடிய வாலிபர் சங்கத்துப் பையன்கள். பாடிப்பாடிக் குரல் கம்மிப்போன பாடகர் குழுப் பிள்ளைகள். எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

குழி வெட்டிய தாத்தாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்து இடம். தேரி மண், வெட்ட வெட்டச் சரிந்தது. பக்கத்தில் பலகை கொடுத்து நிறுத்தி நிறுத்தி வெட்டினீர்கள். பெட்டியை இறக்குமுன் வெயில் விழும் பக்கத்தைப் பார்த்து, "தல மேற்கே, காலு கிழக்கே. எந்திரிச்சா ஆண்டவரைப் பார்த்து எந்திரிக்கணும்" என்று பையன்களைத் திருத்தினீர்கள். அந்த நேரத்தில் குருவானவர் ஐயா, "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்" என்று வாசித்துக்கொண்டிருந்தார். பனைமரங்களுக்கு மேலே மெய்ஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் தெரிந்தது. எனக்கு அழுகை நின்று, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது கோதுமை விதையைச் சொல்கிறார், விதைப்பது ஒரு மேனி, முளைப்பது வேறு மேனி என்று. எங்களுக்குப் பனங்கொட்டை. இதே சிவப்பு மண்ணில் புதைத்து, மறந்தே போய், பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு. விதைத்ததற்கும் வந்ததற்கும் உருவத்தில் சம்பந்தமே இருக்காது. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." எங்கள் சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம். அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எதிர்வீட்டுச் செல்வி அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற என் அக்காவுக்கு. மூன்று நாள் எங்கள் அடுப்புப் பற்றவைக்க விடவில்லை. இட்லியும் கஞ்சியும் துவையலுமாக உங்கள் வீட்டிலிருந்தே வந்தது. இரண்டாம் நாள் இரவு என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாமிகிட்டதான போயிருக்காங்கன்னு சொல்லுதிய, பிறகு ஏன் இப்படி அழுதிய?" என்று கேட்டீர்கள். அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன் அக்கா. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் இயேசு அந்தக் கல்லறைக்குப் போனார். அங்கே போய்ச் சேருமுன்னே அவரே கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். நம்பிக்கையற்றவர்களைப்போல அழாதீர்கள் என்றுதான் பவுல் சொன்னார், அழவே கூடாது என்று சொல்லவில்லை. திரும்பப் பார்ப்பேன் என்பது நிச்சயம். ஆனால் நாளைக் காலையில் அவள் என்னைக் கூப்பிட மாட்டாள் என்பதும் நிச்சயம். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன.

இப்போது அம்மா எங்கே என்று என் மகள் கேட்டாள். குருவானவர் ஐயாவிடம் கேட்டேன். ஆண்டவரோடு இருக்கிறாள், உடல் எழுந்திருக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது என்றார். அதற்குமேல் அளந்து சொல்ல அவர் முயலவில்லை. 2 கொரிந்தியர் 5-ஐ எடுத்துக் காட்டினார்: தேகத்தைவிட்டுக் குடிபோகவும் கர்த்தரிடத்தில் குடியிருக்கவும் விரும்புகிறோம் என்று இருக்கிறது. குடிபோவது என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியும். போன வருடம்தான் வாடகை வீடு மாறினோம். "அப்ப பாட்டி சாமான் எல்லாம் இங்க விட்டுட்டுப் போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சாமான் என்றதும் ஞாபகம் வருகிறது. துக்க வீட்டுக்குச் சாப்பாடு வந்த பாத்திரங்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஏழு தூக்குச்சட்டிகள், ஒரு பெரிய பித்தளைக் குண்டான், மூடி உடைந்த ஹாட்பாக்ஸ் ஒன்று, எவர்சில்வர் கரண்டிகள் பதினொன்று. எல்லாம் கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உங்களுடையது எது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று அம்மா சொல்லுவாள், ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பட்டித் துண்டு போட்டிருக்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு: கைப்பிடி அரிசிப் பானை நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.