பூட்டிய வீடுகள்

சேடபட்டிப் பக்கம், மதுரை மாவட்டம்
ஞாயிறு இரவு

அன்புள்ள ஒல்லிக்குச்சிக்கு,

போட்டோவில் பார்த்தால் பெயர் இப்போது பொருந்தவில்லைதான், ஆனாலும் எனக்கு நீ ஒல்லிக்குச்சிதான். வார்டு வேலையை விட்டுவிட்டு வேல்ஸில் வீடு வீடாகப் போகும் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சிக் காலத்தில் கிராமத்துக்குப் போகச் சொன்னாலே காய்ச்சல் என்று போர்வையை இழுத்துக்கொண்டவள் நீ!

நானும் மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில்தான் சுற்றுகிறேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு, 2021 ஆகஸ்டில் வந்த திட்டம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையைத் தன்னார்வலப் பெண்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நான், கை கால் விழுந்தவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் தம்பி.

போன மாதம் ஒரு அப்பத்தா. மார்பில் புற்றுநோய், புண் வெடித்துவிட்டது. வாடை தாங்காமல் கட்டிலைத் தொழுவத்தின் ஓரமாகப் போட்டிருந்தார்கள். மருமகள் கெட்டவள் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள், ஓடியதற்காக அழவும் செய்கிறாள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் புண்ணைக் கழுவவும், வாடையைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டவும் அவளுக்கே சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனால் கட்டில் திண்ணைக்கு வந்துவிட்டது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நோய் தீராது, எனக்கும் தெரியும், அப்பத்தாவுக்கும் தெரியும். ஆனால் சில ரூபாய் மாத்திரையில் ஒரு கிழவி திரும்ப வீட்டுக்குள் வந்துவிட்டாள், பார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஒரு காளவாசல் தொழிலாளி. (நாம் சினிமாவுக்குப் போக பஸ் மாறுவோமே, அந்தக் காளவாசல் இல்லை. செங்கல் வேகிற நிஜக் காளவாசல்.) சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், சீமைக்கருவேல முள் ஏறி மூன்று நாளாகியும் தெரியாமல் நடந்திருக்கிறார். கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாகிவிட்டது. வயது நாற்பத்தைந்துதான்.

வந்து, வீடு வீடாகப் போனதைக் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினேன். மூன்று மாதமாக அவர் பெயருக்கு நேரே 'வீடு பூட்டு' என்று இருந்தது. அதே பக்கத்தை முன்னாலும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல், பூட்டு என்று எழுதிய பெயர்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். காளவாசலுக்குப் போனவர்கள், முறுக்குக் கம்பெனி வேலைக்கு வெளி மாநிலம் போனவர்கள், காலையிலேயே நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். மாடிவீட்டு வாத்தியார் பெயர் அதில் ஒரு தடவைகூட இல்லை. அவர் பத்து மணிக்கும் நாற்காலியில்தான் இருக்கிறார், பிரஷர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு. நாங்கள் போகும் நேரம் அவருக்குச் சௌகரியமான நேரம்.

உங்கள் ஊர்ச் சுரங்கக் கிராமத்து டாக்டர் ஒருவரைப் பற்றி முன்பு எழுதியிருந்தாயே, ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல வைத்தியம் அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-லேயே சொன்னவர். அன்றைக்கு எனக்கு அது புத்தகப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது அந்த நோட்டில் தினமும் படிக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தன்னார்வலப் பெண்ணும் நானும் வாரத்தில் ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு காளவாசலுக்கே போகிறோம். அவளுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும், தினமும் வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் முதலாளி முறைத்தார். அவருக்கே சர்க்கரை பார்த்துச் சொன்னதும் நாற்காலி போட்டார்! பாதத்தில் ஊசிமுனை மாதிரி இழையை வைத்து "தெரியுதா?" என்று கேட்டால், சிலர் கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது தெரியுது" என்கிறார்கள். நான் இன்னும் தொட்டிருக்கவே மாட்டேன்.

அங்கே ஒரு பெண் இன்சுலின் போடுகிறாள். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்தது வெளியில் நான்கு வாரம் தாங்கும், அதுவும் 30 டிகிரிக்குள் இருந்தால். நம்ம ஊர் சித்திரை வெயில் உனக்கு மறந்திருக்காது, அவள் இருப்பதோ தகரக் கூரைக்குக் கீழே. ஊருக்குள் ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடுகள் உண்டு, ஆனால் அந்தத் தெருவில் போய்க் கேட்க அவளுக்கு மனசில்லை. ஏன் என்று உனக்கு விளக்க வேண்டாம். சரி என்று மண்பானையில் ஈர மணலைப் போட்டு, நடுவில் மூடிபோட்ட சின்ன டப்பாவில் பாட்டிலை வைக்கக் காட்டினேன். திறக்காத பாட்டிலை நான்தான் சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்து கொண்டுபோகிறேன். ஆனால் இடம் மாறும்போது பானையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

அதனால் ஒன்று கேட்கிறேன். தண்ணீரில் நனைத்தால் தானே குளிர்ந்திருக்கும் இன்சுலின் பை அங்கே கிடைக்குமாம். சாக்லேட்டைக் குறைத்துக்கொண்டு, ஜனவரியில் வரும்போது நான்கைந்து வாங்கி வா. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
ஹாஸ்டல் அறைத்தோழி