நீலத்தைச் செம்மஞ்சளாக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மட்டக்களப்பு நகரின் மழைநீர் வடிகான்கள் பற்றிய ஆய்வின் நாலு பக்கச் சுருக்கம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்கும் அளவும் எங்களுடையவை. வாசிக்கிற மாதிரி ஆக்கியவர்கள் வேறு ஆட்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதலில், இந்த மாதத்தோடு ஓய்வுபெறும் எங்கள் தொடர்பாடல் பொறுப்பாளர் அக்காவுக்கு. ஆய்வு முடிந்தபின் "கொஞ்சம் எளிமையாக்கித் தாங்க" என்று அவரிடம் போக முடியாது. கேள்விக்கொத்து எழுதும்போதே கூப்பிட வேண்டும். "100 மி.மீ. மழை" என்றால் யாருக்கு என்ன தெரியும்? ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பத்துப் பேர்ச் வளவில் 100 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கி இருபத்தைந்து. "வளவு முழுக்கச் சீமெந்து போட்டால் இருபத்தைந்தும் வீதிக் கானுக்குத்தான்" என்ற வரி அக்காவுடையது. எங்கள் அறிக்கை முழுவதையும் விட அதற்குத்தான் வேலை அதிகம்.

"நூறு வருட வெள்ளம்" என்ற சொல்லை வெட்டியதும் அவர்தான். அதைக் கேட்டவர்கள் 2011 ஜனவரி வெள்ளத்திலிருந்து எண்ணி, இனி 2111 இல்தான் என்று இருந்துவிடுவார்கள். உண்மையில் அது ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 வருடத்துக்குள் ஒரு தடவையாவது வர நூற்றுக்கு 26.

அடுத்தது திராய்மடு, நாவலடி, சின்ன உப்போடைப் பெண்களுக்கு. "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதனால் அச்சுக்கு முந்திய வரைவை வாசித்து, வாசித்ததைத் தங்கள் வாயால் திருப்பிச் சொன்னார்கள். ஐந்தாறு பேர் போதும். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுக்கினால் பிழை வரியில்தான். முதல் வரைபடத்தில் வாவிக்கும் நீலம், வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளுக்கும் நீலம். "எங்கட வீட்டை வாவிக்குள்ள போட்டிருக்கிறீங்களே!" என்றார் ஒருவர். ஒழுங்கைகள் செம்மஞ்சளாயின. வடக்கைக் காட்டும் அம்புக்குறியை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. கல்லடிப் பாலத்தையும் காந்தி பூங்காவையும் குறித்த பிறகு விரல் நேரே அவரவர் வீதிக்குப் போனது.

"வெள்ள அபாய வலயம்" என்ற தலைப்பை எடுக்கச் சொன்னதும் அவர்களே. 2004 கடற்கோளுக்குப் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்ததைக் கண்ட ஆட்கள். "வலயம்" என்றாலே காணி போகப் போகுது என்ற பயம். இப்போது "மழைக்குத் தண்ணி நிற்கும் இடங்கள்" என்று இருக்கிறது.

அச்சகத் தம்பிக்குத் தனி நன்றி. இந்தத் தாள் கடைசியில் கச்சேரியடியில் (மாவட்டச் செயலகத்தடியில்) போட்டோக்கொப்பியாகத்தான் சுற்றும், செம்மஞ்சளும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும் என்று சொல்லி, நிறத்துக்கு மேலே சாய்கோடும் போட வைத்தார். எழுத்தளவையும் 10 இலிருந்து 13 ஆக்கினார். அதனால் இரண்டு பந்தி வெட்டவேண்டி வந்தது, வெட்டியதும் நல்லதுக்கே.

கிராம உத்தியோகத்தர்கள் விநியோகித்தார்கள். மாநகர சபை வேலைப்பகுதி உத்தியோகத்தர்கள் காலத்தைச் சொல்லித் தந்தார்கள்: நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் சுருக்கம் செப்டெம்பரில் கையில் இருக்க வேண்டும். மார்கழி வெள்ளத்தோடு கொண்டுபோனால் எல்லாரும் ஆர்வமாக வாங்குவார்கள், வரவுசெலவுத் திட்டம்தான் முடிந்திருக்கும்.

மூன்றாம் பக்கத்தில் மதகின் அகலம் மீற்றரில் மட்டும் இருக்கிறது. மறுபதிப்பில் அடிக்கணக்கும் சேரும். அதையும் சின்ன உப்போடையில்தான் பிடித்தார்கள்.

நன்றியுடன்,
வடிகான் ஆய்வுக் குழுவினர்
மட்டக்களப்பு