வார இறுதி இயற்பியல் வகுப்புகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தில், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக வார இறுதி வகுப்புகளை நடத்திவரும் கோயில் நிர்வாகத்தினருக்கும் பொது இயக்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கட்டணம் இல்லாமலோ, பெயருக்கு ஒரு சிறு தொகை பெற்றுக்கொண்டோ நீங்கள் நடத்தும் இவ்வகுப்புகள் இல்லையென்றால், நம் பிள்ளைகளில் பலர் நான்காம் படிவத்திலேயே இயற்பியலைக் கைவிட்டிருப்பார்கள் என்பதை, அந்தப் பாடத்தை நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் அறிவேன். ஆகவே இதைக் குறை கூறும் மடலாகக் கொள்ள வேண்டாம். என்றாலும் குறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அண்மையில் அத்தகைய வகுப்பு ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன்; எங்கே என்பது இங்கு வேண்டாம். நான்காம் படிவப் பாடத்தின் இரண்டாம் இயலான விசையும் இயக்கமும் நடந்துகொண்டிருந்தது. பலகையின் ஒரு பக்கம் சூத்திரங்கள், மறு பக்கம் பழைய தேர்வுத்தாள் கணக்குகள். பிள்ளைகள் எண்களைப் பொருத்தி மளமளவென்று விடை எழுதினார்கள். இடைவேளையில் நான் ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து பிடித்துக் காட்டி, உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு என்று கேட்டேன். "சீரோ, சார்" என்று பெரும்பாலோர் தயக்கமின்றிச் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "சீரோன்னா அது அங்கேயே நின்னுடுமே" என்று முணுமுணுத்தாள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னதே சரி. விநாடிக்கு 4.9 மீட்டர் திசைவேகத்தில் மேலே எறியப்பட்ட பழம், ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியிலும் அந்தத் திசைவேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 0.98 மீட்டரை இழந்துகொண்டே போய், அரை விநாடியில், சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், சுழியத்தைத் தொடுகிறது. அடுத்த பத்தில் ஒரு விநாடியில் அதே 0.98 கீழ்நோக்கிச் சேர்கிறது. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் புவி ஒரே மாதிரிதான் இழுக்கிறது. உச்சியில் சுழியமாவது திசைவேகம் மட்டுமே. கணக்கில் பிழையில்லாத பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை என்றால், அவர்கள் கற்றது சூத்திரத்தை, இயக்கத்தை அல்ல.

இந்தத் தடுமாற்றத்துக்கு மொழியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் லாஜு, ஹாலாஜு, பெச்சூத்தான் என்னும் மூன்று மலாய்ச் சொற்களை ஒரே வாரத்தில் எதிர்கொள்கிறது. வீட்டுப் பேச்சிலோ இம்மூன்றுக்கும் சேர்த்து 'வேகம்' என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. முறையே வேகம், திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்), முடுக்கம் என்று நமக்கும் மூன்று சொற்கள் இருக்கின்றன. 'வேலையை முடுக்கிவிடு' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த முடுக்கம்தான் இது என்று பத்து நிமிடம் தமிழில் பேசிவிட்டால், பெச்சூத்தான் என்ற சொல் தானாக மனத்தில் உட்காரும். தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் இந்தப் பத்து நிமிடம் வீண்போகாது.

நான் கேட்பது இதுதான்: இவ்வியலைத் தொடங்கும் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் பலகையில் சூத்திரமே எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக, ஓடும் நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி வைக்கும் ஒரு டிக்கர் கருவியையும் ஒரு சுருள் காகித நாடாவையும் மேசைமேல் வையுங்கள். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், கருவி விநாடிக்கு 50 புள்ளிகள் வைக்கும். நாடாவின் முனையில் ஒரு எடைக்கல்லைக் கட்டிக் கீழே விட்டுவிட்டு, முதல் புள்ளியிலிருந்து ஐந்தைந்து இடைவெளிகளாக நாடாவை வெட்டி, துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். தடை ஏதும் இல்லாவிட்டால் முதல் துண்டு 4.9 சென்டிமீட்டர், அடுத்தது 14.7, அதற்கடுத்தது 24.5 என்று படிக்கட்டுப் போல உயரும். ஒவ்வொரு படியும் 9.8 சென்டிமீட்டர், அந்த மாறாத படிதான் முடுக்கம். கருவியில் நாடா உராய்வதால் பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஏன் குறைந்தது என்று அவர்கள் சண்டையிடும் அரை மணி நேரம், பத்துத் தேர்வுக் கணக்குகளுக்குச் சமம். (புவியீர்ப்பு முடுக்கத்துக்குப் பாடநூல் தரும் 9.81 கூட நம் ஊர் எண் அன்று. புவியின் சுழற்சியாலும் அதன் நடுப்பகுதி புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பினாங்கில் அது 9.78ஐ ஒட்டியே இருக்கும்.)

விசைக்கு வரும்போது நம் தீவின் டுரியான் தோட்டப் பகுதியான பாலிக் பூலாவைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? டுரியானை நாம் பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ விடுகிறோம். இருபது மீட்டர் உயரக் கிளையிலிருந்து விழும் பழம், காற்றுத்தடையை விட்டுவிட்டால், இரண்டு விநாடியில் தரையை மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் மோதும். மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் புதைந்து நின்றால், அதை நிறுத்தத் தன் எடையைப் போல் சராசரியாக 400 மடங்கு விசை அதன்மேல் பாய்ந்திருக்கும். பழம் பிளப்பதில் வியப்பில்லை. அதே பழத்தை மரத்தடியில் கட்டிய வலை ஒரு மீட்டர் தொய்ந்து தாங்கினால், 21 மடங்கு போதும். இரண்டிலும் உந்த (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது) மாற்றம் ஒன்றே. நிற்பதற்குக் கிடைத்த தொலைவும் நேரமும்தான் வேறு. தோட்டக்காரர் இதைச் சூத்திரமின்றியே அறிந்து வலை கட்டுகிறார். மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு வரும் பையன்களிடம், தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் மெத்தையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே தக்க தருணம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பெற்றோர் பழைய தேர்வுத்தாள்களைத்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். எஸ்.பி.எம். இயற்பியலின் மூன்றாம் தாளே செய்முறைத் தேர்வுதான். கருவியைத் தொட்டறியாத கை அங்கே தடுமாறும் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். செலவைப் பற்றிய கவலையும் வேண்டாம். டிக்கர் கருவி கிடைக்காத இடத்தில் முப்பது சென்டிமீட்டர் அடிக்கோல் போதும்: ஒருவர் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட, மற்றவர் விரல்களால் பிடிக்க வேண்டும். இருபது சென்டிமீட்டர் நழுவியிருந்தால் அவருடைய எதிர்வினை நேரம் 0.2 விநாடி. ஏன் 0.2 என்று கேட்கும் பிள்ளைக்கு அப்போது சூத்திரத்தைக் கொடுங்கள். அது தேவைப்பட்டுப் பெற்ற சூத்திரமாக இருக்கும்.

என்னிடம் பழைய டிக்கர் கருவிகள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஓடுகின்றன. எந்தக் கோயில் மண்டபத்தில், எந்தச் சனிக்கிழமை என்று உங்கள் செயற்குழு முடிவு செய்தால், நாடாச் சுருளோடு நானே கொண்டு வருகிறேன். அந்த மாணவி இருக்கும் வகுப்பிலிருந்து தொடங்க முடிந்தால் எனக்கு மகிழ்ச்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.