நிசான் மறுசீரமைப்பும் வன்னியின் வாகனங்களும்

ஆசிரியருக்கு,

2024 நிதியாண்டில் நிசான் நிறுவனத்துக்கு 670.9 பில்லியன் யென் நட்டம். அதனால் 17 தொழிற்சாலைகளை 10 ஆக்கி 20,000 பேரைக் குறைப்பதாக நிசான் 2025 மே மாதம் அறிவித்தது. பல்லாண்டாய் அந்த வாகனங்களையே நம்பி ஓட்டும் எங்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல.

பாக வகைகளை 70 சதவீதம் குறைக்கும் திட்டம் சரியானதே. ஒரே பாகம் பல மாதிரிகளுக்குப் பொருந்தினால் தட்டுப்பாடு குறையும். ஆனால் பழைய மாதிரிகளைக் கைவிடக் கூடாது. கரவான் வானின் டிடி27 டீசல் எஞ்சினில், வால்வுகளின் இயக்கத்தை ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் இல்லை, பற்சக்கரம்தான். அதனால் நீண்டகாலம் உழைக்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. வன்னிக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து ரேடியேற்றர் அடைபடும், பிறகு ஹெட் கஸ்கெற் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போகும். கூலன்ற் எனும் குளிரூட்டும் திரவம் மட்டும் ஊற்றுங்கள்.

நிசானின் மின்சாரக் காரான லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகளில் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. ஏ9 வீதியில் மதிய வெயிலில் ஓடிய கையோடு விரைவு சார்ஜ் செய்தால் தேய்மானம் கூடும். பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்களில் ஒன்று அணைந்தாலே சுமார் 15 சதவீதக் கொள்ளளவு போய்விட்டது. 24 கிலோவாற் மணி பற்றரியில் 48 மொடியூல்கள் (சிறு பற்றரித் தொகுதிகள்) உள்ளன. பழுதானதை மட்டும், ஒத்த கொள்ளளவுள்ளதால் மாற்றலாம். அவற்றை நிறுவனமே தனித்தனியாக விற்க வேண்டும்.

வாகனப் பாவனையாளர்கள்,
கிளிநொச்சி.