மகளுக்கு, அந்த 40 மணித்தியாலப் படிப்பைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின கைநூலை ஒரு வரி விடாம வாசிச்சுப் போட்டன். அமெரிக்காவில ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோட வேலை செய்யிற பிஹேவியர் டெக்னீசியன் வேலைக்கு ஒன்லைனில படிக்கப்போறன் எண்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். ஏன் இந்தப் படிப்பு எண்டு எழுதேல்ல, நானும் கேக்கேல்ல. நீ எதைத் தொட்டாலும் முடிக்கிறவள், அதில எங்களுக்குச் சந்தேகமில்ல. மாமாங்கத்தில கொடியேறியிட்டு, அப்பாட முழங்கால் அப்பிடியேதான். மற்றப் புதினம் மறுகா.

படிப்பை முதல் பாப்பம். 40 மணித்தியாலத்தை 5 நாளுக்குக் குறைய முடிக்க விடமாட்டாங்கள், 180 நாளுக்கு மேல இழுக்கவும் ஏலாது. சனி ஞாயிறில முடிச்சுத் தாறம் எண்டு விளம்பரம் போடுறவனிட்டக் காசு கட்டாத. 2026 தொடக்கம் பாடத்திட்டமும் மாறினது, சேர முதல் புதுத் திட்டம்தானா எண்டு கேட்டு எழுத்தில வாங்கு.

கனபேர் நிண்டு போறது அதுக்குப் பிறகுதான். தகுதியுள்ள ஒரு மேற்பார்வையாளர் உன்னைச் செய்யவிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேணும். வீடியோவெல்லாம் பார்த்து முடிச்சுப் போட்டு, கையெழுத்துக்கு ஆளில்லாம அலையிறவங்கதான் கூட. அதால வேலை தாற நிலையத்தை முதல் பிடி. கன இடங்களில படிப்புச் செலவையும் அவங்களே பொறுப்பாங்கள். விண்ணப்பத்துக்கு 50 டொலர், சோதினைக்கு 45. 90 நிமிஷத்தில 85 கேள்வி, அதில 10க்குப் புள்ளி இல்ல, எந்தப் பத்து எண்டும் சொல்லமாட்டாங்கள். அதால எதையும் விட்டுப்போட்டு வராத. வேலைக்குப் போனாப் பிறகு மாதம் செய்யிற நேரத்தில 5 வீதமாவது மேற்பார்வை வேணும்: 80 மணித்தியாலம் எண்டா 4. அதை ஒரு கொப்பியில நீயும் பதிஞ்சு வை, நிலையத்தை மட்டும் நம்பியிராத.

உன்ட மச்சாளும் இஞ்ச இருந்து இதை எழுதலாமா எண்டு கேட்டவள். ஏலாது. 2023 தொடக்கம் இலங்கையில இருக்கிற ஆக்களிட்ட, இந்தச் சான்றிதழ் குடுக்கிற சபை விண்ணப்பம் எடுக்கிறதில்ல.

இப்ப கேளுகா, வீடியோ பார்த்து வராத ஒண்டு இருக்கு. எண்ணுறது. "பிள்ளை கோவப்படுறான்" எண்டு எழுதினா அது எண்ண ஏலாத வசனம். "மூண்டு விநாடிக்கு மேல நீடிக்கிற கத்தல்" எண்டு எழுது, அப்பதான் ரெண்டு பேர் பார்த்தாலும் ஒரே கணக்கு வரும். மருமகனைப் பக்கத்தில இருத்தி ஏதும் ஒரு வீடியோவைப் போட்டு ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணுங்க. அவர் 18, நீ 20 எண்டா, சின்னதைப் பெரிசால பிரிச்சு நூறால பெருக்கு: 90 வீதம். 60, 70 வந்தா எண்ணினது பிழையில்ல, எழுதின வசனம்தான் பிழை. அதைத் திருத்து.

நேரத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு எண்ணக்குள்ளயும் கவனம். 10 விநாடிக் கட்டத்தில ஒரு விநாடி கத்தினாலே சரி போடுற முறையில நடந்ததை விடக் கூடக் காட்டும். கட்டம் முழுக்க நடந்தாத்தான் சரி எண்டா குறையக் காட்டும். சோதினையிலயும் கேப்பாங்கள், வேலையிலயும் இதாலதான் ஆக்கள் வாதாடுறது.

அழுகைக்குப் போனைக் குடுக்கிறேல்ல எண்டு ஒரு திட்டம் வந்தா, முதல் நாட்களில அழுகை கூடலாம். ஒம்பது நிமிஷம் பொறுத்துப் போட்டு பத்தாவது நிமிஷம் குடுத்தா, பத்து நிமிஷம் அழவேணும் எண்டு நீயே படிப்பிச்ச மாதிரி. குடுக்கிறதெண்டா பிள்ளை கேக்க வேண்டிய மாதிரிக் கேட்ட உடன குடு, சுணக்காத.

பிறகு, தாமதம் அளக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டு முடிஞ்ச விநாடியில இருந்து பிள்ளை கிறுகிப் பாக்கிற விநாடி வரைக்கும். டீவி ஓடக்குள்ள அளந்தா அதுக்கு ஒரு பெறுமதியும் இல்ல. பிள்ளைக்கு முன்னால நிண்டு கைகாட்டிக் கூப்பிட்டாலும் இல்ல. பின்பக்கம் நிண்டு கூப்பிட வேணும்.

நல்லா விளங்கிக்கொள், டெக்னீசியன் ஆருக்கும் இன்னது இருக்கு எண்டு பேர் வைக்கிறேல்ல, திட்டமும் போடுறேல்ல. போட்ட திட்டத்தைச் செய்து, எண்ணி எழுதிக் குடுக்கிறதுதான் வேலை. சொந்தப் பிள்ளைக்கோ உறவுப் பிள்ளைக்கோ டெக்னீசியனா நிக்க நெறிக்கோவையும் விடாது. அந்த எண்ணத்தோட ஆரும் இதுக்கு வந்தா, நிலையத்தில முதல் நாளே மறிப்பாங்கள். தாய்க்குத் தாயாத்தான் நிக்கலாம், அளக்கிறதுக்கு வேற ஆள் வேணும்.

நீ போகப்போற வீடுகளில கேப்பாங்கள் எண்டுதான் இதையும் எழுதிறன். ஓட்டிசத்தின்ட அடையாளம் இருக்கா எண்டு பாக்க எம்-சாட் எண்டு 20 கேள்வி இருக்கு, 16 மாதத்தில இருந்து 30 மாதம் வரைக்கும். நீ கையை நீட்டிக் காட்டினாப் பிள்ளை அங்க பாக்குமா எண்டதுதான் முதல் கேள்வி. அங்கத்தைய பிள்ளை வைத்தியர்கள் 18 மாதத்திலயும் 24 மாதத்திலயும் செய்ய வேணும் எண்டு சொல்லியிருக்கு. செய்யாம விட்டா நாமதான் கேக்க வேணும். புள்ளி 3இல இருந்து 7 வரைக்கும் வந்தா மேலதிகக் கேள்வி கேப்பாங்கள், 8 இல்லாட்டி அதுக்கு மேல எண்டா நேரா முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவாங்கள். அது முடிவில்ல, ஒரு சல்லடைதான். 3 வயசுக்குக் கீழ எண்டா மாநிலத்தின்ட ஆரம்பகால உதவிக்குத் தாய் தகப்பனே போன் எடுக்கலாம், டொக்டரின்ட துண்டு தேவையில்ல, மதிப்பீட்டுக்குக் காசும் இல்ல. எடுத்த நாளில இருந்து 45 நாளுக்குள்ள மதிப்பீடும் திட்டக் கூட்டமும் முடிய வேணும். 3 தாண்டினாப் பள்ளிக்கூட மாவட்டத்திட்டப் போக வேணும், எல்லாம் முதல்ல இருந்து.

நம்மட சின்னவனுக்கு வாற ஆவணியோட 30 மாதம். மாசியில 3.

எங்களுக்கு இரவு எட்டரை எண்டா உங்களுக்குப் பகல் பதினொண்டு. எப்ப கேட்டாலும் நித்திரை எண்டிறாய். நல்லா நித்திரை கொள்ளுற பிள்ளை, சந்தோசம். உன்னைக் குறை சொல்லேல்ல, மகள், வளர்க்கிறாய் எண்டு எங்களுக்குத் தெரியும். எண்ணிப் பழகு எண்டுதான் திரும்பத் திரும்பச் சொல்றன்.

ஞாயிறு கோல் எடுக்கக்குள்ள அவனைப் பிடிச்சு இருத்தாத. தரையில தன்பாட்டில விளையாடட்டும், போனை அவனுக்குப் பின்பக்கமா வை. நான் கூப்பிடுறன். டீவியை நூத்துப்போடு.

இப்படிக்கு,
அம்மா
கல்லடி