மருதமரத்து வவ்வாலை முடுக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தைங்க

ஊராட்சித் தலைவரம்மாவுக்கும் பாசனச் சங்கத்து அண்ணன்மாருக்கும் வணக்கமுங்க.

போன வாரக் கூட்டத்துல வாய்க்கா மேட்டு மருதமரத்தை வெட்டிப்போடலாம், இல்லாட்டி வெடியை வெச்சு வவ்வாலை ஒட்டுக்கா முடுக்கிறலாம்னு பேச்சு வந்துச்சு. அன்னிக்கு நான் வாயே தொறக்கல, எல்லாரும் கோவத்துல இருந்தீங்க, நானுந்தான், எனக்கும் சப்போட்டாவுல ஒரு பறிப்பே போச்சுங்க. சாறை உறிஞ்சிட்டு சக்கையைத் துப்பிப் போட்டிருக்கறதை காலைல கூட்டி அள்ளறப்ப யாருக்குத்தான் வயிறு எரியாது. ஆனா ஊட்டுக்கு வந்தும் மனசு கேக்கல.

எங்க சின்னம்மா பையன் இந்துமாக்கடல்ல இருக்கற மொரிசியஸ் தீவுல ஓட்டல் வேலைல இருக்கறான். அங்க நம்ம சனம் நெறையா, தைப்பூசக் காவடிக்கு கவர்மெண்ட் லீவு, ரூவா நோட்டுலயே தமிழ் எழுத்து இருக்குது. வவ்வால் சண்டையும் நம்மளை மாதிரியே இருக்குதுங்க, என்ன, அங்க மாங்காயோட லிச்சிப்பழமும் சேத்தி. அந்த வவ்வால் நம்மூரு பழந்தின்னிக்கு பங்காளி மொறை, மொரிசியஸையும் ரீயூனியன் தீவுல கொஞ்சத்தையும் உட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது, வருசத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். 2015ல கவர்மெண்ட்டே புதுசா சட்டம் போட்டு துப்பாக்கியோட எறங்கி, அந்த வருசமும் 2016லயுமா 38,000க்கு மேல சுட்டுப்போட்டாங்க, பத்தாதுன்னு 2018லயும் சுட்டாங்க. அதே 2018லதான் இது அழியற நெலமைக்கு வந்திருச்சுன்னு உலக சிவப்புப் பட்டியல்ல ஒரு படி மேல ஏத்துனாங்க.

செரி, இத்தனை சுட்டதுக்கு தோட்டக்காரனுக்கு நாலு காசு கூட வந்துச்சான்னா வரலைங்க. வவ்வால் மட்டுமா பழந்திங்குது? மைனா, கிளி, எலி எல்லாந்தான் திங்குது, உச்சாணில பறிக்க ஆளில்லாம பழுத்து உழுகறது வேற. பழி மட்டும் ராத்திரி வர்றவன் தலைல.

அங்க பழைய காடு 5 சதவீதம் கூட மிச்சமில்ல. டோடோப் பறவை போச்சு, பெரிய நெலத்து ஆமை போச்சு, காட்டு மரத்துக் கொட்டையைத் தூக்கிட்டுப் போயி தூரமா போடறதுக்கு பெருசா மிஞ்சியிருக்கறது இந்த வவ்வால் ஒண்ணுதான், அதையும் சுட்டா காட்டுக்கு யாரு வெதை போடறதுங்க. அதே நாட்டுக்குச் சேந்த ரோட்ரிக்ஸ்னு ஒரு குட்டித் தீவு இருக்குது, அந்தத் தீவுக்குன்னே ஒரு வவ்வால் சாதி. காட்டை அழிச்சதுலயும் புயல்லயும் அடிபட்டு 1970கள்ல நூறுக்கும் கீழ வந்திருச்சு. 1976ல அழியற உசுருங்களைக் காப்பாத்தற இங்கிலீசுக்காரரு ஜெரால்ட் டர்ரல் போயி கொஞ்சத்தைப் புடிச்சுட்டு வந்து வளத்தாரு, ஊருச்சனம் மரம் நட்டாங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, இன்னிக்கு 20,000 கிட்ட இருக்குது. துப்பாக்கி எடுத்த தீவும் மரம் நட்ட தீவும் ஒரே கவர்மெண்ட்டுதாங்க!

நம்ம மரத்துக்கு வாரேன். எங்க அமுச்சி விடியக்காலம் கூடையைத் தூக்கிட்டு மருதமரத்தடிக்குத்தான் போகும், வவ்வால் சதையைத் தின்னுட்டுப் போட்ட இலுப்பக்கொட்டை சுத்தமா கெடக்கும், அதைப் பொறுக்கி ஆட்டுன எண்ணெய்தான் கோயல் வெளக்குக்கு. சித்திரை வெயில்ல உச்சிக்கு ஒருக்கா போயி பாருங்க, வெத்தலைச் சுருளாட்டத் தொங்கறதெல்லாம் ஒரு றெக்கையைப் பிரிச்சு விசிறிட்டே இருக்கும், நெஞ்சுல குட்டி ஒட்டிக் கெடக்கும். பொழுது உழுகறப்ப காலிங்கராயன் வாய்க்காத் தண்ணில நெஞ்சை ஒரு தடவு தடவிட்டு மேல போயி, நனைஞ்ச மசுரை நக்கித் தண்ணி குடிக்கும். வெடியை வெச்சா பறக்கற அவசரத்துல குட்டிதான் மொதல்ல உழுகும்.

வவ்வால்கிட்ட இருந்து பரவற நிபா வைரசு பயத்தை நான் லேசா சொல்லல. 2018ல கோழிக்கோட்டுல நடந்தது எல்லாருக்கும் தெரியும், வாளையார் தாண்டுனா கேரளாதான். அதுக்கு கடிச்ச பழத்தைத் தொடாம இருக்கோணும், பறிச்சதைக் கழுவித் திங்கோணும், உழுந்து கெடக்கற வவ்வாலை வெறுங்கையில எடுக்கப்படாது. மரத்தை வெட்டுனா அத்தனையும் நம்ம ஊட்டுக் கொய்யாமரத்துக்கும் தென்னைக்கும்தான் செதறி வரும், அது பரவால்லீங்களா?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பழந்தின்னி வவ்வாலை எலி, காக்காயோட ஒரே லிஸ்ட்டுல வெச்சிருந்தாங்க, கொன்னா கேள்வி இல்ல. 2022 திருத்தத்துல அந்த லிஸ்ட்டே போயிருச்சு, இப்ப அது பாதுகாக்கற பட்டியல்ல இருக்குது, கேசு வந்தா தலைவரம்மா பேருலயும் வரலாம். வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் சுத்துப்பட்டு ஊருல பறவைக்காக தீபாவளிக்கே வெடி வெக்கறதில்ல, அவிங்களும் நம்மாளுங்கதானுங்க.

நான் கேக்கறது, மரத்தை உடுங்க, வலைக்கு வழி பண்ணுங்க. மீன்வலையாட்ட தொளதொளன்னு போட்டா வவ்வால் மாட்டிச் சாகும். சுண்டுவெரல் நுழையாத கண்ணுள்ள வெள்ளை வலை வாங்கி, மரத்தைக் கவாத்து பண்ணிக் குட்டையா வெச்சு, குச்சி நட்டு விறைப்பா இழுத்துக் கட்டோணும், காய் பருவத்துக்கு வர்ற அந்தக் கொஞ்ச நாளைக்குத்தான். சங்கத்துல மொத்தமா வாங்குனா செலவு கொறையும். எந்தோட்டத்துல நாலு மரத்துக்குக் கட்டியிருக்கறேன், ஒரு மரத்துல கோணலாத்தான் நிக்குது, சிரிக்காதீங்க. ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்கு முந்தி வந்து ஒரு எட்டு பாத்துப்போட்டு அப்பறம் முடிவெடுங்க, காப்பி நம்மூட்டுல.