சிலையைப் பார்க்க அடையாறு வரைக்கும்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள், கவலைப்படாதே.

இந்த வெயிலில் சிவாஜி சிலையைப் பார்க்க நான் அடையாறு வரைக்கும் போய் வந்ததை உங்கம்மா சொன்னதும் போனிலேயே பதறினாய். ஒரு சிலைக்காகவா என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சிலை முன்பு கடற்கரைச் சாலையில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 2006 ஜூலை 21, அவர் நினைவு நாளில் கலைஞர் திறந்து வைத்தார். பாரிமுனையிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் போதும், அண்ணாந்து பார்த்துவிடலாம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்து, 2017 ஆகஸ்டில் ஒரு ராத்திரி எடுத்துப் போய் அடையாறு மணிமண்டபத்தில் வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. ரோட்டில் போகிற பிள்ளைகளின் உயிர் எந்தச் சிலையையும்விடப் பெரிது. ஆனால் வேலைக்குப் போகிற வழியில் பார்த்துக்கொண்டே போனவரை இப்போது தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். அதுதான் போனேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ, சைதாப்பேட்டையில் இறங்கி ஆட்டோ. சிரமமே இல்லை.

உன் தாத்தாவும் சிவாஜியும் ஒரே வயது, 1928. தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. மின்ட் தெருவில் கிரவுன் தியேட்டர் இருந்தது, ரகுபதி வெங்கையா கட்டிய பழைய கொட்டகை. சிவாஜி படம் என்றால் மவுண்ட் ரோட்டில் சாந்தி, நம் பக்கத்தில் கிரவுன், புரசைவாக்கத்தில் புவனேஸ்வரி என்று போஸ்டரில் மூன்று பெயரும் சேர்ந்தே வரும். தாத்தா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு தரை டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பார். படத்தைப் பார்த்ததோடு விடமாட்டார். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கட்டபொம்மன் வசன ரெக்கார்டு போட்டால் தெருமுனையில் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகருவார். கேட்டுக் கேட்டே பக்கம் பக்கமாக மனப்பாடம். கூலியில் பிடித்தம் செய்த மேஸ்திரி முன்னால் அவர் திக்காமல், குரல் உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நியாயம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சைப் பள்ளிக்கூடமா அவருக்குச் சொல்லிக்கொடுத்தது? ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அப்படிப் பேசக் கற்றவர்கள் எத்தனையோ பேர். 1960ல் கெய்ரோ பட விழாவில் கட்டபொம்மனாக நடித்ததற்குச் சிறந்த நடிகர் விருது வாங்கினார் சிவாஜி. அந்தப் பெருமையில் ஹார்பர் ஜனங்களுக்கும் பங்கு உண்டு என்று தாத்தா கடைசிவரை சொல்வார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். கட்டபொம்மனை 1799ல் தூக்கில் போட்ட கயத்தாறில், சிவாஜி தன் பணத்தில் நிலம் வாங்கி 1970ல் அவருக்குச் சிலை வைத்தார். வேஷம் போட்டோம், கைதட்டல் வாங்கினோம் என்று அவர் போய்விடவில்லை. அந்த மனுஷனுக்கு வைத்த சிலையைப் போய்ப் பார்ப்பது நம் கடமை இல்லையா?

மண்டபத்தில் கூட்டம் இல்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையனிடம் கயத்தாறு கதையைச் சொன்னேன். போனைப் பையில் போட்டுவிட்டு நின்று கேட்டான். "எந்தப் படம் தாத்தா முதல்ல பார்க்கணும்?" என்றான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பராசக்தியில் ஆரம்பி, 1952ல் வந்த முதல் படம், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்றேன்.

கிரவுன் இப்போது இல்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் 2020ல் மூடிவிட்டார்கள். பேரனை அழைத்துப் போய்க் காட்ட அந்தப் பழைய தியேட்டர்கள் மிச்சமில்லை, அதனால் நீதான் வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும். அவன் சின்னப் பையன், பராசக்தி வேண்டாம், கட்டபொம்மன் போடு. இங்கிலீஷில் எழுத்து ஓடுகிற பிரதியாகப் போடாதே, காது கொடுத்துக் கேட்கட்டும். புரியாத இடத்தில் நிறுத்தி நீ சொல்லு. லீவுக்கு நீங்கள் வரும்போது அவனைக் கூட்டிக்கொண்டு நான் அடையாறு போகிறேன். அக்டோபர் 1 அவருடைய பிறந்த நாள், அதையொட்டி டிக்கெட் கிடைக்குமா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லு.

அன்புடன்,
அப்பா